ஓட்டாமல் பார்த்தவர்

இரண்டு மாதம் நாங்கள் அவரை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

நாங்கள் என்றால் ஒரு போன் குழு. பழைய கௌபாய் படங்களுக்காக, அதிலும் இத்தாலிக்காரர்கள் கையில் காசில்லாமல் ஏதோ ஒரு பொட்டல்காட்டில் எடுத்த படங்களுக்காக, நானும் என்னோடு கல்லூரியில் படித்த தினேஷும் ஆரம்பித்தது. பத்தொன்பது பேர் இருந்தோம். கல்யாண ஊர்வலக் குதிரையைத் தவிர வேறு குதிரையைப் பக்கத்தில் பார்த்தவர் எங்களில் ஒருவரும் கிடையாது. ஆனாலும் எந்தப் படத்தில் எந்தக் குதிரை நொண்டியது என்று மூன்று நாள் சண்டை போடுவோம்.

ஒருநாள் தினேஷ் ஒரு படத்தைப் போட்டான். ஆமை நகர்வது போல் நகரும் படம். ஒருவன் சேணத்தைத் தோளில் சுமந்துகொண்டு, குதிரை இல்லாமல், நடந்தே ஓர் ஊருக்கு வருகிறான். அவன் தம்பி அங்கே வந்து சேருவதாகப் பேச்சு. மூடிக் கிடக்கும் கடை வாசலில் ஒரு பெஞ்சு. அதில் உட்காருகிறான். பன்னிரண்டு நிமிடம் உட்கார்ந்தே இருக்கிறான். வசனம் இல்லை, இசை இல்லை, ஈ மட்டும் உண்டு. கதவைச் சாத்தினால் சுவரே ஆடுகிறது. வில்லன், வில்லனின் ஆள், ஷெரீப் மூன்று பேருக்கும் ஒரே வெள்ளைக் குதிரை. பின்னால் தண்ணீர் தூக்கிப் போகும் கிழவர் கையில் வாட்ச். கடைசியில் குளம்புச் சத்தம் கேட்கும். வருவது தம்பியா, அவனைக் கொல்ல வருகிறவர்களா என்று காட்டாமலேயே படம் முடிந்துவிடும்.

குழு இரண்டாகப் பிளந்தது. “மொக்கை. பிலிம் மிச்சம் இருந்திருக்கு, சும்மா சுத்தித் தள்ளிட்டானுங்க” என்றது தினேஷ் கட்சி. “காவியம்” என்றது என் கட்சி. இதில் வெட்கம் என்னவென்றால், காவியம் என்று எழுதிய நானே அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைப் பார்த்திருக்கவில்லை. பத்துப் பத்து நொடியாகத் தள்ளிக்கொண்டே போய், வெயில் பிரமாதம், கேமரா பிரமாதம் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். அப்போதெல்லாம் எதையும் இரண்டு மடங்கு வேகத்தில்தான் பார்ப்பேன். பாடம், படம், பெரியம்மா அனுப்பும் குரல் பதிவு எல்லாம் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் இதை ‘ஓட்டிப் பார்ப்பது’ என்பார்கள்.

சண்டை ஓய்ந்து ஐந்து நாள் கழித்து, அதுவரை வாயே திறக்காத ஓர் எண்ணிலிருந்து செய்தி வந்தது. பேர் இருக்கவேண்டிய இடத்தில் பாகூரில் உள்ள ஒரு விதை, உரக் கடையின் பேர் இருந்தது.

“இன்னிக்குதான் முடிச்சேன். பெஞ்சுல அவன் உக்காரும்போது நெழல் எங்க இருக்குது பாருங்க, சீன் முடியும்போது எங்க இருக்குது பாருங்க. நாலு விரக்கடை நவுந்திருக்கு. நெசமாவே அவ்ளோ நேரம் உக்கார வெச்சித்தான் எடுத்திருக்காங்க. காசு இல்லன்னாலும் ஏமாத்தல.”

எல்லாரும் ஓடிப்போய்ப் பார்த்தோம். நகர்ந்திருந்தது. “அண்ணே, தெய்வமே!” என்று நான் எழுதினேன். கடைக்கார அண்ணன் என்று நாங்களாக முடிவு செய்துகொண்டோம். நாங்கள் பத்து நிமிடத்தில் விமரிசனம் எழுதுகிற படத்துக்கு அண்ணன் நாலைந்து நாள் எடுத்துக்கொள்வார். கடையில் ஆள் வராத நேரங்களில் அரைமணி அரைமணியாகப் பார்ப்பாராம். ஒரு நொடிகூட ஓட்ட மாட்டாராம். ஆரம்பத்தில் ஓடும் பேர்ப் பட்டியலைக்கூட உட்கார்ந்து படிப்பாராம்.

“அண்ணே, உங்களைப் பார்க்கணும்ணே” என்று நச்சரித்தேன். “ரெண்டாவது, நாலாவது ஞாயித்துக்கெழம வில்லியனூர் ஸ்டேஷன் வாசல்ல இருப்பேன். மூணுலேர்ந்து அஞ்சு” என்று பதில் வந்தது.

எங்களுக்கு வில்லியனூர் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை; ஸ்டேஷன் நாலே நிமிடம். ஸ்கூட்டியில் போய், பெரிய மீசை வைத்த ஆளாகத் தேடினேன். ரயில் இல்லாத நேரம். தூங்குமூஞ்சி மரத்தடி சிமென்ட் பெஞ்சில் ஒரு பெண் மட்டும், மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். நான் இரண்டு சுற்று சுற்றி வந்ததும் அவரே கூப்பிட்டார்.

“இன்னாடி, அண்ணனத் தேட்றியா?”

நான் அசடு வழிந்தேன். “ஏன்க்கா சொல்லவே இல்ல?”

“ரெண்டு மாசமா யாரும் என்ன அதட்டலயே. அண்ணனாவே இருந்துட்டுப் போலாம்னு பாத்தன்.”

அன்றைக்கு நான் ஒன்றரை மணிநேரம் பேசினேன். அக்கா கேட்டுக்கொண்டே சாலையைப் பார்த்தார். நடுவில் ஒரு தடவை, “மூச்சு வுட்டுக்கோ” என்றார். நாலரைக்கு மேல் நான் நெளிய ஆரம்பித்தேன். “யாருக்காகக்கா வெயிட் பண்ற? போன் பண்ணிக் கேட்டுடேன்.”

“எடுக்க மாட்டாங்க.”

பிறகு, விலாசம் சொல்வது போல் சாதாரணமாகச் சொன்னார். கட்டிக்கொடுத்த இடம் மதகடிப்பட்டு. ஒத்துவரவில்லை, பாகூரில் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். ஆறு வயசுப் பெண் அங்கேயே இருக்கிறாள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, மாதத்தில் இரண்டு ஞாயிறு, பொது இடமாக, நடுவில் இருக்கிற வில்லியனூரில், மூன்றிலிருந்து ஐந்துக்குள் குழந்தையைக் கூட்டிவந்து காட்டுவது என்று முடிவானது. கூட்டிவருவார்கள் என்பது நிச்சயமில்லை. இவர் இருக்கவேண்டும் என்பது மட்டும் நிச்சயம்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு ஐம்பத்தெட்டு. “இனிமே எங்கக்கா வரப்போறாங்க, கெளம்பு.”

“ரெண்டு நிமிஷம் இருக்கே.”

ஐந்து ஆனது. அதற்கு ஒரு நொடி முன்னால் எழவில்லை, பின்னாலும் தங்கவில்லை. தூக்குவாளியைத் திறந்து, “இந்தா, தட்டை. அவளுக்குச் சுட்டது. நமுத்துப் போறதுக்குள்ள தின்னு” என்று என்னிடம் கொடுத்துவிட்டு, புடவையைத் தட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

பாகூரில் அந்தக் கடைக்கும் நான் போயிருக்கிறேன். அங்கேயும் இதே கதைதான். பூச்சிமருந்து வாங்க வருகிற யாரையும் அக்கா சும்மா விடமாட்டார். டப்பாவோடு மடித்து வைத்திருக்கும் சீட்டைப் பிரித்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையில் கொடுப்பார். ஒரு பெரியவர், வண்டியை அணைக்காமல் வாசலிலேயே நின்றுகொண்டு கத்தினார்.

“ஏம்மா, சுருக்கமா சொல்லேம்மா! மோட்டார் வுட்டுட்டு வந்திருக்கறன்.”

“சுருக்கமான்னா, முகத்த மூடாம அடிச்சா செத்துடுவீங்க.”

“அதான் எனக்குத் தெரியுமே.”

“தெரிஞ்சவங்கதான் போறாங்க. வண்டிய ஆஃப் பண்ணுங்க.”

அவர் அணைத்தார். சீட்டு முழுவதையும் கேட்டார். போகும்போது, “ஒனக்கு வாச்சவன் தப்பிச்சான்” என்று சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை விட்டார். அக்காவும் சிரித்தார். ஆனால் அதன்பிறகு கொஞ்ச நேரம் விதைப் பாக்கெட்டுகளையே அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஏன் கௌபாய் படம் என்று அன்றுதான் கேட்டேன்.

“இதுல எவனும் அழுவ மாட்டான்டி. நம்ம படத்துல இன்டர்வெலுக்குள்ள நாலு பேர் அழுதுடுவான். எனக்கு அதுக்கு எதுக்கு டிக்கெட்?”

“அந்தப் படத்துல கடைசில வர்றது யாருக்கா? தம்பியா, எதிரியா?” குழு இன்னும் அதில்தான் அடித்துக்கொண்டிருந்தது.

“யார் வந்தா இன்னா? அவன் இருந்தான்ல, அதப் பாரு.”

ஒரே ஒரு தடவை அந்தக் குழந்தையை நான் பார்த்தேன். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் ஓடிவரவில்லை. பாதி தூரத்தில் நின்று, இன்னொரு தடவை பார்த்து, நடந்து வந்தாள். பெஞ்சில் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். அக்கா கையை நீட்டவில்லை, கொஞ்சவில்லை, தட்டை வாளியை நடுவில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். நானாக இருந்தால் அள்ளித் தூக்கியிருப்பேன். இரண்டு தட்டை ஆனதும் குழந்தை கொஞ்சம் நகர்ந்தாள். இன்னொன்று ஆனதும் இன்னும் கொஞ்சம். ஒரு சரக்கு ரயில் போனது. எத்தனை பெட்டி என்று இரண்டு பேரும் ஒன்றாக எண்ணினார்கள். முடியும்போது அவள் தலை அக்காவின் கைமேல் இருந்தது.

குழந்தையைக் கூட்டிவந்த அக்காவின் மாமியார் ஆட்டோவைவிட்டு நகரவே இல்லை. போகும்போது மட்டும் சொன்னார். “ஏதோ பெரியவங்க சொன்னாங்களேன்னு கூட்டியாரன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் நாங்க வந்து நீ இல்லன்னு வெச்சிக்கோ, அதோட சரி. கொழந்தய ஏமாத்தற வேல எங்கிட்ட ஆவாது.”

“இருப்பேன் அத்தை” என்றார் அக்கா.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

பிறகு மூன்று மாதம் அவர்கள் வரவே இல்லை. ஆறு ஞாயிறு. ஆறிலும் அக்கா ஐந்து மணி வரை இருந்தார். அதே சமயம் குழுவில் அந்தப் படத்தின் சண்டை மறுபடி மூண்டது. தினேஷ் தன் சேனலில், ‘இந்தப் படத்தில் தேவையானது இவ்வளவுதான்’ என்று சொல்லி ஏழு நிமிடத்துக்கு வெட்டி ஒட்டிப் போட்டான். பெஞ்சுக் காட்சி அதில் மூன்று நொடி. அக்கா ஒரே வரிதான் எழுதினார்: “தம்பி, எங்கள ஓட்டு, பரவால்ல. படத்த ஓட்டாத.”

கேலி செய்வதற்கும் எங்களிடம் அதே சொல்தான் என்பதால் குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. தினேஷுக்கு ரோஷம் வந்துவிட்டது. “முழுசா, எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாப்போம். ஒருத்தன் தூங்காம இருந்தா நான் ஒத்துக்கறேன்” என்றான்.

நான் பறந்தேன். ஞாயிறு மதியம் எங்கள் கடை அடைப்பு. மாடியில் பெயின்ட் டப்பாக்களை ஒதுக்கி, திரையாக ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினேன். கல்யாண வீடியோ எடுக்கும் நண்பனிடம் புரொஜெக்டர் கேட்டேன். அவனுக்கு ஓய்வான ஞாயிறு அந்த நாலாவது ஞாயிறு ஒன்றுதான். பரவாயில்லை, ஐந்தேகாலுக்குப் படம் என்று வைத்தேன். அக்கா பெஞ்சை முடித்துக்கொண்டு வரட்டும் என்றுதான். படத்துக்கு முன்னால் அக்கா இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்றும் கேட்டிருந்தேன். “என்ன யாருடி இதுவரைக்கும் பேசக் கூப்ட்டிருக்கா” என்று சொன்னாலும், அன்றைக்கு ஊதா நிறத்தில் ஒரு புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

நாலு மணிக்கு வீடியோ நண்பன் போன் செய்தான். திடீரென்று ஒரு ரிசப்ஷன், ஆறரைக்குள் புரொஜெக்டர் வேண்டும். படம் இரண்டு மணிநேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பதினொரு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். தினேஷ் சிரித்தான். “ஒண்ணும் பிரச்சன இல்ல. அஞ்சேகாலுக்கே ஆரம்பி. பெஞ்சு சீனயும் நடக்கற சீனயும் ஓட்டிட்டா கரெக்டா வந்துடும்.”

நான் ஸ்டேஷனுக்கு வண்டியை விரட்டினேன். அக்கா எப்போதும்போல சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, எழுந்திரு. நாலரைக்கு ஆரம்பிச்சாதான் முழுசாப் போட முடியும்.”

“அரமணி இருக்குதுடி.”

“மூணு மாசமா வரல, இன்னிக்கு மட்டும் வந்துடப் போறாங்களா?”

“வரலன்னா அது அவங்க. நான் இருக்கறேன்னு சொல்லியிருக்கறன். நீங்க ஆரம்பிங்க, நான் வரேன்.”

“நீ இல்லன்னா எவன்க்கா எம்பேச்சக் கேப்பான்? பெஞ்சு சீன ஓட்டிடுவானுங்க. இத்தினி நாள் நீ சண்ட போட்டது எதுக்கு?”

அக்கா சாலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் சாலையைப் பார்த்தார். பிறகு அவராகவே எழுந்தார். வண்டியில் என் பின்னால் உட்கார்ந்தபோது மணி நாலு இருபத்தைந்து.

அக்கா பேசியது அரை நிமிடம்தான். “போன சைலன்ட்ல போடுங்க. நானும் போட்டுட்டேன். போரடிச்சா போரடிக்கட்டும், ஒண்ணும் ஆயிடாது.” எல்லாரும் கைதட்டினோம்.

பெஞ்சுக் காட்சி வந்தது. முதல் மூன்று நிமிடம் யாரோ இருமினார்கள், யாரோ கொட்டாவி விட்டார்கள். அப்புறம் ஏதோ ஆனது. மாடியில் மின்விசிறிச் சத்தம்கூட இறங்கிப்போன மாதிரி. அந்த ஆள் உட்கார்ந்திருந்தான். நாங்கள் பதிமூன்று பேரும் அவனோடு உட்கார்ந்திருந்தோம். என் வாழ்க்கையில் முதல் முறையாக நான் ஒன்றை ஓட்டாமல் பார்த்தேன். படம் முடிந்ததும் தினேஷ் எழுந்து, “அக்கா, நான் வாபஸ்” என்று பெரிய கும்பிடு போட்டான். அக்கா சிரித்தார். வாய்விட்டு, பல் தெரிய. அப்படி அவர் சிரித்து நான் பார்த்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பிறகு பையிலிருந்து போனை எடுத்தார்.

ஒரு போட்டோ வந்திருந்தது. அந்த பெஞ்சில் குழந்தை தனியாக உட்கார்ந்திருக்கிறாள். பாவாடை சட்டை, தலை நிறையப் பூ. கால் தரைக்கு எட்டவில்லை. கீழே மாமியாரின் குரல் பதிவு: “நாலே முக்காலுக்கு வந்துட்டோம். நீ இல்ல. நான் ஒண்ணும் சொல்லல, பொண்ணே பாத்துக்கிச்சி.”

அக்கா எழுந்தார். செருப்பை மாட்டாமல் படி இறங்கினார். நான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். பெஞ்சு காலியாக இருந்தது. எதிரே பூக்கட்டும் அம்மா எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

“இப்பதான் போறாங்க. அஞ்சு மணிக்கே ஆயா கூப்ட்டுப் பாத்துச்சி, அந்தப் பொண்ணு எழுந்துக்கவே இல்ல. எங்கம்மா வரும், எங்கம்மா வரும்னு ஆறேகால் வரைக்கும் உக்காந்திருந்துச்சி. அப்புறம் தூக்கினுதான் போனாங்க.”

பெரியவர்கள் பேசிப்பார்த்தார்கள். அந்த போட்டோதான் எல்லாரிடமும் இருந்ததே. பெற்றவள் எங்கே போனாள் என்று கேட்டதற்கு, சினிமா பார்க்கப் போனாள் என்பதுதான் பதில், அது உண்மையும்கூட. அதோடு அந்த ஏற்பாடு முறிந்தது. அக்கா மட்டும் இரண்டாவது, நாலாவது ஞாயிறுகளில் வந்து உட்கார்ந்தார். முதல் இரண்டு தடவை நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்றாவது தடவை என்னால் முடியவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்தி, ஐந்து மணி வரை பார்த்துவிட்டு வந்துவிடுவேன். ஏழு மாதம் வந்தார். ஒருநாள், ஒரு வார்த்தை எழுதாமல் குழுவிலிருந்து விலகினார்.

பாகூருக்கு ஓடினேன். கடையில்தான் இருந்தார். அடுத்த வாரம் ஓசூர் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போவதாகச் சொன்னார். நான் அழுதேன்; அவர் நெல் விதையை நிறுத்துக்கொண்டிருந்தார்.

“எம்மேல கோவமாக்கா?”

“இல்லடி.”

“நான்தானக்கா உன்ன...”

“நீ கூப்ட்ட. எழுந்து வந்தது நான். சின்னப் பொண்ணு கூப்ட்டான்னு எழுந்துட்டேன்னு யார்கிட்ட சொல்ல முடியும்?” தராசு நிற்கும்வரை காத்திருந்தார். “அவ ஒரு நாள் பெரியவளாவா. எங்கம்மா போனேன்னு கேப்பா. அப்ப உம்பேர நான் எடுக்க மாட்டேன். நாந்தான் போயிட்டேன்னு சொல்லிடுவேன். நீ படி, போ.”

அதுதான் கடைசி. எண்ணை மாற்றிவிட்டார். இதெல்லாம் நடந்து நாலு வருடம் ஆகப்போகிறது. குழு இன்னும் இருக்கிறது. அந்தப் படத்தைப் பற்றி இன்னும் யாராவது கிளப்புவார்கள். நான் பதில் எழுதுவதில்லை.

மதகடிப்பட்டில் அந்தக் குழந்தைக்கு இப்போது பத்து வயது தாண்டியிருக்கும். எழுத்துக் கூட்டாமல் படிக்கிற வயது. அவளுக்கு மட்டும் ஒன்று சொல்லவேண்டும்.

பாப்பா, உன் அம்மா தானாக எழுந்து போனதாகச் சொல்வார். நம்பாதே. அரைமணி இருக்கிறது, வரமாட்டேன் என்றுதான் சொன்னார். கையைப் பிடித்து இழுத்து எழுப்பியது நான்.